என் பெயரில் நடக்கும் கடை

என் சான்றிதழுக்கு மாத வாடகை பேசுகிறார்கள். எனக்குச் சம்பளம் பேச மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. "சர்டிபிகேட்ட மட்டும் குடும்மா, நீ கடைக்கு வரவே வேணாம். மாசாமாசம் ஜிபேல போட்டுர்றோம்." இப்படிக் கேட்டவர்கள் யாரும் ஊரறிந்த திருடர்கள் இல்லை. கோயில் திருப்பணி நோட்டீசில் பெயர் போடப்படுகிறவர்கள். ஒரு பெண்ணைப் பார்த்து, நீ படித்ததற்குச் சாட்சியான காகிதம் போதும், படித்த நீ வேண்டாம் என்று சொல்கிறோமே, அது அவளை எப்படி அறையும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. காய்கறி விலை கேட்பதுபோல் கேட்கிறார்கள். நான் மாட்டேன் என்றால், "அப்ப பக்கத்து ஊர்ல ஒரு பையன் தரேன்றான்" என்று எழுந்து போகிறார்கள்.

விருத்தாசலம் பக்கத்துக்காரி நான். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனவர். அந்த எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் கருத்து உரிந்து, ரேஷன் கடை மெஷினில் கைரேகைகூட விழாது. அந்தக் கூலியிலும் மகளிர் குழுக் கடனிலும்தான் நான் டி.ஃபார்ம் படித்தேன். இரண்டு வருடப் படிப்பு, அதற்கு மேல் 500 மணி நேரப் பயிற்சி. அதில் பாதிக்குக் குறையாத நேரம், சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்துப் பழகுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. எந்த மாத்திரையை எதோடு சேர்க்கக் கூடாது, கர்ப்பிணிக்கு எது ஆகாது, சிறுநீரகம் கெட்டவருக்கு எதை நிறுத்த வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது ஏன் முக்கியம், எல்லாம் படித்தேன். படித்ததைச் சொல்வதற்கு ஒரு கவுண்ட்டர் கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம், 42ஆம் பிரிவு: மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை, மற்றவர் செய்தால் சிறை வரைக்கும் போகக்கூடிய குற்றம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி: சீட்டுக்கு மருந்து கொடுப்பது மருந்தாளுநர் கையால் நடக்க வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். 2015இல் வந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரும், வீட்டில் எப்படி வைப்பது என்று நோயாளியிடம் பேசுவதையே என் கடமையாக எழுதி வைத்திருக்கின்றன. எழுதியவர்களுக்கு என் நன்றி. எந்தக் கடையில் நின்று பேசுவது?

நான் வேலை பார்த்த கடையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்; அந்த ஒரு கடையின் குற்றமாக இது சுருங்கிவிடக் கூடாது. எங்கள் ஊரில் டாக்டர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கிளினிக்கில் உட்காருவார்கள். ஏழிலிருந்து ஒன்பதரை வரை கடை வாசலில் ஆள் மேல் ஆள். எல்லார் கையும் சீட்டோடு நீண்டிருக்கும். கவுண்ட்டரில் நிற்பவர்கள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பையன்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னை "அக்கா, அக்கா" என்று சுற்றி வந்த பிள்ளைகள். எந்த ரேக்கில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். ஆனால் சீட்டில் முதல் மூன்று எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகிப்பார்கள். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத நாளில் எந்த வீட்டில் என்ன நடந்தது என்பது கடைக்குத் தெரியவே வராது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வயசாகிவிட்டது, விதி முடிந்தது என்று அந்த வீட்டோடு அது புதைந்துவிடும்.

இந்த ஊகம் எவ்வளவு ஆபத்தானது என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியும். மூளை மலேரியாவுக்கான இரண்டு மருந்துகள், ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று கிட்டத்தட்ட ஒரே பெயர். அந்த வழக்கில் 2001இல் தீர்ப்புச் சொன்னபோது, மற்ற சரக்குகளின் பெயர்க் குழப்பத்தைவிட மருந்துப் பெயர்க் குழப்பத்தை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றது. டாக்டர்கள் மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. நான் பார்த்த சீட்டுகளில் அந்த விதியைக் காணோம். கிறுக்கலுக்கும் நோயாளியின் வாய்க்கும் நடுவில் நின்று, "சார், இது என்ன மருந்துன்னு எழுதியிருக்கீங்க?" என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும். நான் கேட்டேன். "நீ எதுக்கும்மா டாக்டர்கிட்டல்லாம் போன் போட்டுக்கிட்டு? அவர் அப்புறம் பேஷண்ட்ட வேற கடைக்கு அனுப்பிடுவார்" என்றார் முதலாளி. டாக்டர் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. முதலாளிதான் கோபித்துக்கொண்டார்.

செட் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் யாரும் மருந்தின் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க." "கை கால் வலிக்கு ஒரு செட் போடு தம்பி." பையன் நான்கைந்து அட்டைகளை எடுத்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பான். மாத்திரையின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி வேறு துண்டில், பேட்ச் எண் கடை அட்டையில். பில் கிடையாது. கவருக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கிய ஆளுக்குத் தெரியாது. நாளை உடம்புக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே இருக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஒரு பாராசிட்டமால், ஒரு டைக்ளோஃபெனாக், சளிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, கூடவே ஒரு குட்டி டெக்ஸாமெத்தசோன். அந்தக் குட்டி மாத்திரைதான் கடைக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பது. ஸ்டீராய்டு. போட்ட அன்றே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு லேசாகும். "அந்தக் கடை மாத்திரை கேக்குதுப்பா" என்று ஊர் பேசும். நாற்று நடுகிற பெண்களும் செங்கல் சூளைக்காரர்களும் வாரத்துக்கு இரண்டு முறை, வருஷக்கணக்காக அதை வாங்கித் தின்றார்கள். முகம் ஊதிப்போய், தோல் காகிதம்போல் மெலிந்து, சர்க்கரை ஏறி, எலும்பு வலுவிழந்து அவர்கள் நிற்பதை நான் பார்த்தேன். டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துகள். அந்தப் பெண்களில் ஒருவரிடமாவது இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், "வியாபாரத்தக் கெடுக்காதம்மா" என்று குரல் வரும்.

மாசக் கடைசியில் எச்1 ரிஜிஸ்டர் என் முன்னால் வந்து விழும். 2014இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், இவற்றை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதைத் தடுக்க எடுத்த முயற்சி. எங்கள் கடையில் சீட்டே இல்லாமல் விற்ற அட்டைகளுக்கு, ஸ்டாக்கைப் பார்த்து, இல்லாத நோயாளிகளின் பெயர்களை எழுதி நிரப்பியிருப்பார்கள். முருகன், செல்வி, ராஜா, கலா. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். நான் போட மறுத்தேன். "உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றார் முதலாளி. அந்தப் பெண் பேசியிருக்க மாட்டாள்; அவள் கடைக்கே வந்ததில்லை என்று பையன்கள் பிறகு சொன்னார்கள்.

வெயிலைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் 25 டிகிரிக்கு அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். சித்திரையில் விருத்தாசலம் 40 டிகிரியைத் தொடும். எங்கள் கடைக்கு மேலே சிமென்ட் ஷீட். மேல் ரேக்கில் கை வைத்தால் சுடும். அங்கேதான் சத்து மருந்தும் குழந்தைகளின் சிரப்பும் அடுக்கியிருந்தது. பிரிட்ஜ் இருந்தது, பிரிட்ஜ் இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். அந்தப் பிரிட்ஜில் பால் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் வீட்டுப் பூவும் இருந்தன. இன்சுலின் குப்பிகள் ஐஸ் கட்டுகிற சுவரை ஒட்டித் தள்ளப்பட்டுக் கிடந்தன. இரவு கடை சாத்தும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் முதல் ஆளாக வந்து இன்சுலின் வாங்கிப் போகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "ஊசி தவறாம போடறேன், சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேங்குதும்மா" என்று என்னிடம் அங்கலாய்ப்பார். டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போனார். நான் சொந்தக் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்தேன், தினமும் இரண்டு முறை அளந்து நோட்டில் எழுதினேன். கொஞ்ச நாளில் அந்த நோட்டைக் காணோம். எழுதி வைத்தால் ஆதாரமாகிவிடும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். உட்கார நாற்காலி இல்லை. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது எங்கள் கடை வாசலோடு திரும்பிப் போய்விட்டது. ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பியது இது எதற்காகவும் இல்லை. ஓர் ஆயாவின் வாய்ப்புண்ணுக்காக.

அந்த ஆயாவுக்கு முடக்குவாதம். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, களைக்கொத்து பிடிக்க முடியாமல் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்ல மருந்து. முடங்கிக் கிடந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற மருந்து. ஒரே ஒரு நிபந்தனை: வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அதன் பாதிப்பைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மற்ற நாட்களில் சாப்பிடச் சொல்வார்கள். இரண்டும் சின்ன மாத்திரை. சில கம்பெனிகளில் இரண்டின் பெயரும் ஒரே மாதிரி தொடங்கும். சீட்டில் வாரம் ஒரு முறை என்பது ஆங்கிலத்தில் இருந்தது. நான் இல்லாத ஓர் இரவில் பையன் இரண்டையும் மாற்றிக் கவரில் குறி போட்டுவிட்டான். ஆயா, சொன்ன சொல் தவறாமல், வார மருந்தைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தார். "கஞ்சிகூட எறங்கல கண்ணு, வாயெல்லாம் ரணமா இருக்கு. வாய்ப்புண்ணு மாத்திர குடு." பையன் பி காம்ப்ளெக்ஸ் அட்டையை எடுத்துவிட்டான். நான் நிறுத்தினேன். வாயைத் திறக்கச் சொன்னேன். உதடு, நாக்கு, அண்ணம் எல்லாம் உரிந்து கிடந்தது. முழங்கையில் சிவப்புப் புள்ளிகள். நெற்றி கொதித்தது. "ஆயா, வேற என்ன மாத்திரை சாப்புடுறீங்க, காட்டுங்க." மஞ்சப்பையிலிருந்து கவரை எடுத்தார். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. "இத எத்தன நாளுக்கு ஒன்னு சாப்புடுறீங்க?" "தெனம் காலையில ஒன்னு. தம்பிதானே சொல்லுச்சு."

அந்த மருந்து உடம்பில் வேகமாகப் பிரிந்து வளரும் செல்களைத் தடுக்கும். அளவு மிஞ்சினால் முதலில் வாயும் குடலும் உரியும், அடுத்து எலும்பு மஜ்ஜை. வெள்ளை அணுக்கள் விழுந்தால் சாதாரணக் கிருமியும் ஆளைக் கொல்லும். தட்டணுக்கள் விழுந்தால் ரத்தம் நிற்காது. மாற்று மருந்து இருக்கிறது, லூக்கோவோரின். ஆனால் நேரத்தில் கொடுக்க வேண்டும். நான் 108க்குப் போன் போட்டேன். மாத்திரைக் கவரையும் சீட்டையும் ஆயாவின் மகன் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒன்னு சாப்பிட வேண்டியத தெனமும் சாப்பிட்டுட்டாங்க, போனதும் இத டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். அந்த வருஷத்து நடவுக் கூலி முழுக்கப் போனது, முடி கொட்டிப்போனது, ஆனாலும் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஆயா எப்படி இருக்கிறார் என்று கேட்பார் என நினைத்தேன். "ஏம்மா, கடையில அத்தன பேர் நிக்கறப்ப, யாரு தெனம் சாப்புடச் சொன்னதுன்னு கேக்கலாமா? அந்த ஆயாவோட மகன் நாளைக்கு கேஸ் போட்டா யாரு கோர்ட்டுக்கு அலையறது? நாசூக்கா மாத்திரைய மாத்திக் குடுத்து அனுப்பியிருக்க வேண்டியதுதானே?" நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ வர வேணாம். சர்டிபிகேட் இருக்கட்டும். அதுக்கு உண்டானத மாசாமாசம் போட்டுர்றேன்."

ஓர் உயிர் போகாமல் தடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. தப்புச் செய்த கடை திறந்திருக்கிறது. தப்பைக் கண்டுபிடித்தவள் வெளியே நிற்கிறேன். இதில் கொடுமை என்னவென்றால், நான் வெளியே நிற்கிறேன் என்பது காகிதத்தில் யாருக்கும் தெரியாது. நாளை இன்னோர் ஆயாவுக்கு இன்னொரு மாத்திரை மாறினால், லைசென்சில் இருப்பது என் பெயர்தான். பொறுப்பில் இருக்கிற மருந்தாளுநர் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. முதலாளி தெரிவிக்கவில்லை. நானே எழுதினேன், பதிவுத் தபாலில், எந்தத் தேதியோடு விலகினேன் என்று. சான்றிதழைத் திருப்பிக் கேட்டுப் போனால் "பீரோ சாவி வீட்டுல இருக்கு" என்கிறார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் விஷயத்தில் இப்படித் தவறு நடக்கும் என்பது உலகத்துக்குப் புதிதல்ல. தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இதற்காகவே தனியாக உட்கார்ந்து யோசித்தது. பிரிட்டன் 2020இல் உறையின் மேல் எச்சரிக்கை, நோயாளி கையில் ஓர் அட்டை, எந்தக் கிழமை என்று முழுப் பெயரில் எழுதித் தருவது என ஏற்பாடு செய்தது. எழுதித் தருகிறவர் யார்? மருந்து கொடுக்கிற மருந்தாளுநர். கவரின் மேல் "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று தமிழில் இரண்டு வார்த்தை. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பேரப்பிள்ளை படித்துச் சொல்லியிருக்கும். அந்த இரண்டு வார்த்தை எழுதுகிற கையைத்தான் மாசச் செலவு என்று வேண்டாம் என்கிறார்கள்.

கட்டுப்படி ஆகாது என்று கடைக்காரர்கள் சொல்வது எனக்குத் தெரியும். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு 2013ஆம் ஆண்டு ஆணைப்படி சில்லறைக் கடைக்குக் கணக்கிடப்படும் லாபம் 16 விழுக்காடு. வாசலில் 20 விழுக்காடு தள்ளுபடி என்று போர்டு. அப்புறம் எங்கிருந்து சம்பளம் கொடுப்பது என்கிறார்கள். நானும் அந்தக் கல்லாவைப் பார்த்தவள். பெயர் தெரியாத கம்பெனிகளின் ஜெனரிக் மாத்திரைகள், அட்டையில் அச்சிட்ட விலைக்கும் கடை வாங்குகிற விலைக்கும் பல மடங்கு வித்தியாசத்தில் வருகின்றன. பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஐந்து இலவசம். டாக்டர் எழுதிய அட்டவணை எச் மருந்துக்குப் பதில் வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தும், "அதே மருந்துதான், கம்பெனிதான் வேற" என்று கைமாறுவது அவைதான். அந்தப் பணத்தில் கண்ணாடிக் கதவு வந்தது, எல்இடி போர்டு வந்தது, இரண்டாவது கிளை வந்தது. என் சம்பளத்துக்கு மட்டும்தான் கட்டுப்படி ஆகவில்லை.

என் கோபம் முதலாளிகள் மேல் மட்டும் இல்லை. பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு மருந்து கம்பெனியில் ரெப்பாகவோ, வெளிநாட்டிலோ, வேறு வேலையிலோ இருக்கிற என் சகோதர சகோதரிகளே, உங்கள் மேலும்தான். நீங்கள் மாதம் வாங்குகிற அந்தச் சின்னத் தொகைதான் எங்கள் எல்லாருடைய சம்பளத்தையும் தீர்மானிக்கிறது. ஆளே வராமல் காகிதம் கிடைக்கும்போது, ஆளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? பயிற்சி பெறாதவர்கள் கையில் மருந்துக் கடைகள் இருப்பது மக்கள் ஆரோக்கியத்தோடு விளையாடுவது என்று 2022 நவம்பரில், பீகாரிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது. ஒரு மருந்தாளுநர் பொதுநல வழக்காகக் கொண்டுபோன விஷயம் அது. நம்மில் ஒருவர் அங்கே வரை போய்ப் போராடியிருக்கிறார். மற்றவர்கள் பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு இருக்கிறோம்.

2025இல் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா பக்கத்தில், 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து. அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. நாடு அலறியது, அலற வேண்டியதுதான். குப்பியைக் கையில் பிடித்துப் பார்த்து அந்த நஞ்சைக் கண்டுபிடிக்க எந்த மருந்தாளுநராலும் முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட சளிக் கூட்டு மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லியிருந்தார். "குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்று கவுண்ட்டரில் ஒருவர் கேட்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. தொழிற்சாலையில் நடக்கிற தவறு ஒரே நாளில் செய்தியாகிறது, ஏனென்றால் ஒரே ஊரில் பல வீடுகளில் அழுகை கேட்கிறது. கவுண்ட்டரில் நடக்கிற தவறு ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு ஊராகச் சிதறி நடக்கிறது, எண்ணுவதற்கு ஆளில்லை.

கடைகளைக் கண்காணிக்க, 200 கடைக்கு ஒரு மருந்து ஆய்வாளர் வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த மஷேல்கர் குழு 2003இல் சொன்னது. எத்தனை பேர் இருந்தாலும், பகல் பதினோரு மணிக்கு வந்தால் பயன் இல்லை. அந்த நேரத்தில் கடை காலியாக இருக்கும். ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே போன் பறக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்துவிடுவார். ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும், பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆய்வாளர்களே, இரவு எட்டு மணிக்கு வாருங்கள். ஜீப் வேண்டாம், டவுன் பஸ்ஸில் வந்து இறங்குங்கள். காய்ச்சலுக்கு ஒரு செட் கேளுங்கள், என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் அடையாள அட்டையைக் காட்டி மருந்தாளுநர் எங்கே என்று கேளுங்கள். சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். கடைக்குள் போய் ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள். நாற்காலி இருக்காது; நின்றபடியே இருங்கள். பத்து மணிக்குக் கடை சாத்துகிற வரைக்கும், அவர் சாப்பிட்டுவிட்டு வருகிறாரா என்று பாருங்கள்.